விறகடுப்பை எடுத்த பிறகும் புகைபோக்கியை விட்டுவைத்தோம்

மாம்பலத்தில் இருக்கும் சித்தப்பா மகன் நேற்று போன் செய்தான். "அண்ணா, பின்கட்டு விறகடுப்பை எடுத்தாச்சு. புகைபோக்கியை என்ன பண்றது?" போன வாரம்தான் அதே விஷயத்துக்காக மூன்றாவது தடவையாகக் கொத்தனாருக்குக் கூலி கொடுத்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

திருவல்லிக்கேணியில் எங்களுடையது மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம், போட்ட பழைய வீடு. 2018-ல் அடுப்பு மேடையை இடித்தோம். இரும்பு வளையம், கிளாம்பு, தகரக் கூம்பு எல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போயின. சுவரோடு ஏறும் செங்கல் கூண்டும், மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் மிச்சம். "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்" என்று கொத்தனார் மேலேயும் கீழேயும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்.

அந்த ஐப்பசியிலேயே சுவரில் டிகாக்‌ஷன் வழிந்த மாதிரி பழுப்புக் கறை. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் எமல்ஷன் பூசினோம். பொங்கலுக்குப் பளிச்சென்று இருந்த சுவர் ஆடியில் மறுபடி கறுத்தது. பல வருஷம் விறகுப் புகை குடித்த செங்கலில் கரிப்பிசினும் உப்பும் ஊறிக் கிடக்கின்றன. அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அதோடு இரண்டு பக்கமும் அடைத்த கூண்டுக்குள் ஈரம் போக வழியே இல்லை. பெயிண்டுக்குக் கொடுத்த பணம் முழுக்க வீண்.

அப்புறம் அடைப்பைத் திறந்து, கீழே காற்றுப் போக ஓட்டை வைத்த ஜாலி, மேலே கம்பி வலையும் மழைத்தொப்பியும் வைத்தோம். ஊறிய பூச்சைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசினோம். கறை பாதிக்கு மேல் குறைந்தது. நான் நினைத்தே பார்க்காத நன்மை ஒன்றும் கிடைத்தது. அடுக்களைச் சூடு அந்த வழியாக மேலே ஏறிப் போய்விடுகிறது. சித்திரை வெயிலில் அம்மா மிளகாய் வறுத்தாலும் கூடத்தில் யாருக்கும் இருமல் வருவதில்லை. ஃபேன் இல்லை, கரண்ட் செலவு இல்லை. இதை மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் குழாயும் தளமும் சேரும் இடம் இருக்கிறதே! வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி விரிவதில்லை, சிமெண்ட் கழுத்து விரிசல் விட்டுவிடுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் அது வழியாகத்தான் தண்ணீர் இறங்கித் தேக்கு விட்டத்தை நனைத்தது. பூசிய இடம் திரும்பவும் விட்டுப்போய், போன வாரம் மறுபடி பூசினோம்.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: மொத்தமாக எடுத்துவிடு. குழாயை மட்டும் மெஷின் வைத்து அறுக்க விடாதே, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல். துளையைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்தே மூடு.

நானும் எடுக்கப் போகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைப் பேசிவிட்டேன். அம்மாதான் இன்னும் சரி சொல்லவில்லை.