புரொஜெக்ஷன் கடிகாரமா, எல்ஈடி மேசைக் கடிகாரமா?

நள்ளிரவில் கண் விழித்ததும் நேரம் தெரிய வேண்டும் என்று கடிகாரம் தேடுவோர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையேதான் தடுமாறுகிறார்கள்.

பார்வை: புரொஜெக்ஷன் கடிகாரம் கூரையில் பெரிய எண்களாக நேரத்தைக் காட்டுவதால், கிட்டப்பார்வை உள்ளவர்கூடக் கண்ணாடியைத் தேடாமல், படுத்தபடியே படித்துவிடலாம். எல்ஈடி எண்கள் சிறியவை. ஆனால் விளக்கைப் போட்ட பிறகும் தெரியும், மற்றதன் பிம்பமோ வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

இடம்: நம் வீடுகளில் இதுவே பெரிய சிக்கல். சுழலும் மின்விசிறியின் இறக்கைகளில் பட்டால் எண்கள் துடிக்கும். கொசுவலை கட்டியிருந்தால் பிம்பம் வலையிலேயே மங்கலாகப் படியும். ஆகவே சுவரை நோக்கித் திருப்பக்கூடிய, தெளிவைச் சரிசெய்யும் திருகு உள்ள மாடலையே வாங்க வேண்டும். எல்ஈடிக்கு ஒரு முக்காலி போதும்.

மின்சாரம்: இரண்டுக்கும் பிளக் தேவை. பேட்டரியில் இயங்கும்போது பல புரொஜெக்ஷன் மாடல்கள், பொத்தானை அழுத்தினால் சில நொடிகள் மட்டுமே ஒளி வீசும்.

விலை: எல்ஈடியே மலிவு. ரேடியோ அலை மூலம் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். பல மாடல்களில் அது நம்பியிருக்கும் ஜெர்மனியின் 77.5 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை இந்தியாவில் பயன்படாது.

பார்வை மங்கிய முதியோருக்கும், மல்லாந்தே படுத்திருக்க வேண்டிய நோயாளிகளுக்கும் புரொஜெக்ஷன் கடிகாரத்தையே தயங்காமல் பரிந்துரைப்பேன். காலையில் அலாரம் அடித்தால் போதும் என்பவருக்கு எல்ஈடி தாராளம்.