மாலை 5.40-க்கு எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனை: டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்களா? முதலில் இதைப் படியுங்கள்

குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கும் வரை ஓர் ஆண், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பதிவு நீளமானது என்பதாலும், பாதியில் நிறுத்துகிறவர்களுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதாலும் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு ஊசியைப் போட்டார்கள்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். 2023 ஆகஸ்டில் எனக்கு வயது 37, எடை 94 கிலோ. ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் இரவு ஒரு மணிக்கு முன் படுத்ததில்லை. காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்திருந்தது. மகளுக்கு நான்கு வயதாகியிருந்தது. இரண்டாவது குழந்தைக்காக ஓராண்டாக முயன்று வந்தோம். இந்த நிலையில் கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, கோயம்புத்தூரில் ஆண்களுக்கென்றே தனியாக நடத்தப்படும் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

போனதும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு தூக்கம் வருகிறதா, உடல் வலு குறைந்திருக்கிறதா, எரிச்சலோ சோகமோ இருக்கிறதா, வேலைத்திறன் குறைந்திருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். ஏழுக்கு 'ஆம்' என்று குறித்தேன். இத்தகைய வினாத்தாள் மருத்துவத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் தூக்கம் கெட்டவர், சர்க்கரை நோய் உள்ளவர், மனச்சோர்வில் இருப்பவர், கடனில் இருப்பவர் என எல்லோருமே அதில் 'ஆம்' என்றுதான் குறிப்பார்கள் என்பதால், அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அடுத்து அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். மதியம் கல்யாண வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். முந்தைய இரவு நான்கு மணி நேரம்கூடத் தூங்கியிருக்கவில்லை. இவை எதையும் யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது: மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 286 நானோகிராம். ஒருங்கிணைப்பாளர் என்று அறிமுகம் செய்துகொண்ட ஓர் இளைஞர் அந்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, "சார், இது அறுபது வயசுக்காரங்க லெவல். இப்பவே ஆரம்பிச்சாதான் சரியாகும்" என்றார். அதே தாளில், அந்த எண்ணுக்கு வலப்பக்கம், ஆய்வகத்தின் இயல்பு அளவு 241 முதல் 827 வரை என்று அச்சாகியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், வட்டமிட்டவருக்குத் தெரியாதா என்று நம்பிவிட்டேன்.

இந்த ஹார்மோனின் அளவு நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தூங்கி எழும் நேரத்தில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் இறங்கிவிடுகிறது. சாப்பிட்டதும் குறைகிறது, தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் போன்ற நோயில் இருந்தாலும் குறைகிறது. அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றும், குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்றும், அதற்குப் பொருந்தும் அறிகுறிகளும் சேர்ந்து இருந்தால் மட்டுமே குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்றும் மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அமெரிக்க யூராலஜி சங்கம் 2018-இல் வைத்த எல்லை 300 நானோகிராம். அதுவும் இரண்டு தனித்தனி நாட்களில், அதிகாலையில் எடுத்த அளவுகளுக்கு. எடை கூடியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி என்ற புரதம் அவர்களுக்குக் குறைவதால், மொத்த அளவு குறைந்து காட்டினாலும் உடல் பயன்படுத்தும் கட்டற்ற பகுதி சரியாகவே இருக்கலாம். 94 கிலோ எடையில் இருந்த எனக்கு அந்தக் கணக்கையும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. (இரவுப் பணியில் இருப்பவர்கள் கவனிக்க: காலை என்று சொல்வது கடிகாரத்தின் காலையை மட்டுமல்ல, நீங்கள் தூங்கி எழும் நேரத்தையும் சேர்த்துத்தான். உங்கள் பணி நேரத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டு ரத்தம் கொடுங்கள்.)

ஆறு மாதத் தொகுப்பு என்று 48,000 ரூபாய் கேட்டார்கள். இரண்டு தவணையில் கட்டினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் ஊசி. கண்ணாடி ஆம்ப்யூலின் கழுத்தை உடைத்து, வெளிர் மஞ்சளாக, நல்லெண்ணெய் போல மெதுவாக இறங்கும் மருந்தைத் தடித்த ஊசியில் இழுத்து, இடுப்புக்குக் கீழே போடுவார்கள். அன்று இரவு ஒருக்களித்துப் படுக்க முடியாது. சட்டப்படி மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் இந்த மருந்தைக் கொடுக்க முடியும். ஆறு மாதத்தில் ஒரு சீட்டுகூட என் கைக்கு வரவில்லை. மருத்துவர் என்று ஒருவரை முதல் நாள் ஐந்து நிமிடம் பார்த்தேன், அவ்வளவுதான்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். ஊசி போட்ட மூன்றாம் நாள் சுறுசுறுப்பு வந்தது. பன்னிரண்டாம் நாள் முன்பைவிட மோசமாகச் சோர்ந்தேன். அதைச் சொன்னதும் ஊசிகளுக்கு இடையிலான நாட்களைக் குறைத்தார்கள். நான்காம் மாதம் முதுகெல்லாம் பருக்கள் வந்தன. விரைகள் சிறுத்து மென்மையாகிவிட்டதை நானே உணர்ந்து கேட்டபோது, "அது நார்மல் சார்" என்றார்கள். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

2024 மார்ச்சில் மனைவி, "எனக்கு எல்லா டெஸ்டும் நார்மல்னு சொல்லிட்டாங்க, நீங்களும் ஒரு தடவ பாத்துருங்க" என்று சொல்ல, குழந்தையின்மை மருத்துவரிடம் போய் விந்துப் பரிசோதனை செய்தேன். ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்க வேண்டிய விந்தணு, எனக்கு ஒன்றுகூட இல்லை. அறிக்கையில் எண்ணே போடவில்லை; இல்லை என்ற சொல் மட்டும் இருந்தது. மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்தில் திருப்பூர் வரும்வரை எதுவும் பேசவில்லை.

அந்த மருத்துவர் என்னை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்எச், எஃப்எஸ்எச் பாத்தாங்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரைகளை வேலை வாங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்எச் கூடியிருந்தால் பழுது விரையில். இரண்டுமே குறைந்திருந்தால் பழுது மேலே, பிட்யூட்டரியிலோ அதை ஆளும் பகுதியிலோ இருக்கலாம். அப்போது புரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு கட்டிகூட இருக்கலாம். வெளியிலிருந்து ஊசி வழியாக ஹார்மோன் வரத் தொடங்கியதும், போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணிப் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு எல்எச் பார்த்தால் தரையில்தான் கிடக்கும். முதலில் என்ன இருந்தது என்பதை ஊசி அழித்துவிடுகிறது. விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு அதிகம். அது வற்றினால் விந்தணு உருவாவதும் நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனம் இதே ஹார்மோனை வாரத்துக்கு 200 மில்லிகிராம் வீதம் ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து, 1990-இலும் 1996-இலும் முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. குழந்தைக்காக முயன்றுகொண்டிருந்த எனக்குப் பணம் வாங்கிக்கொண்டு போட்டது இதைத்தான்.

என் ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 55 சதவீதமாகியிருந்தது. 54-ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து உண்டு என்பதால் ஊசியை நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.4 இருந்தது, அதாவது எனக்குச் சர்க்கரை நோய் வந்து, அது தெரியாமலே இருந்திருக்கிறேன். நான் விடும் குறட்டையைப் பற்றி மனைவியிடம் விசாரித்துவிட்டு, தூக்கப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது உறுதியானது. நான் கிளினிக்குக்கு எடுத்துச் சென்ற சோர்வுக்கு இந்த இரண்டுமே போதுமான காரணங்கள்.

ஊசியை நிறுத்தினேன். எல்எச் போலவே விரைகளை நேரடியாக வேலை வாங்கும் எச்சிஜி ஊசியும், பிட்யூட்டரியை எழுப்புவதற்காகக் குளோமிஃபீன் மாத்திரையும் கொடுத்தார். நிறுத்திய முதல் இரண்டு மாதங்கள் மிகவும் கொடியவை. காரணமில்லாமல் அழுகை வந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் விந்தணு திரும்பிவிடும், சிலருக்கு இரண்டாண்டுகள்கூட ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு ஐந்தாம் மாதம் 20 லட்சம் வந்தது. பத்தாம் மாதம் 1.1 கோடி. மருந்துகளை எல்லாம் நிறுத்திய பிறகு, எடை 83 கிலோவாகக் குறைந்திருந்த நிலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் பார்த்த டெஸ்டோஸ்டிரோன் 412, 438. எனக்கு வாழ்நாள் குறைபாடு எதுவும் இல்லை. குழந்தைக்காக இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம். மனைவிக்கு 35 வயதாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, உண்மையிலேயே குறைபாடு உள்ள யாரும் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. கூடுதல் எக்ஸ் குரோமோசோமால் வரும் கிளைன்ஃபெல்டர் குறைபாட்டோடு பிறந்தவர்கள், பிட்யூட்டரி கட்டி உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் விரை பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்த ஹார்மோன் எலும்பையும் தசையையும் ரத்தத்தையும் காக்கும் மருந்து. நான் சொல்வதெல்லாம், அது தேவையா என்று முறையாகப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும், தொடங்குமுன் "குழந்தை வேணுமா?" என்று கேட்க வேண்டும் என்பதுதான்.

ஏற்கெனவே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு: உங்கள் சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. பார்த்த மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு, மாநில மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். ஆண்மையைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். அந்த விளம்பரத்தின் படத்தைச் சேமித்து வையுங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

நான் போட்டிருக்கிறேன். கிளினிக் தரப்பு அனுப்பிய பதிலில், வழிகாட்டுதலின்படி காலையில்தான் ரத்தம் எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். 286-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்ட அந்தத் தாளின் மேல் ஓரத்தில், 'மாதிரி எடுத்த நேரம்: மாலை 5.40' என்று ஆய்வகக் கணினி அச்சடித்திருக்கிறது. மனுவில் முதல் ஆவணமாக அதைத்தான் இணைத்திருக்கிறேன்.