காப்பி மரத்துக்குக் கவாத்தா, அடியோடு அறுப்பா?

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் மலையடிவாரத்தில் மாமனார் விட்டுப்போன நிலத்தில், டுரியானுக்கும் ஜாதிக்காய்க்கும் நடுவே நாற்பது லைபீரிகா வகைக் காப்பி மரங்கள் நிற்கின்றன. பல வருடம் கத்தியே படாமல் இருபது அடியைத் தாண்டியிருந்தன. இரண்டு வழி இருந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுச் சாய்வாக அறுத்து, துளிர்ப்பதில் இரண்டு மூன்று தளிரை மட்டும் நிறுத்துவது ஒன்று. உச்சியை ஆறடிக்கு இறக்கி வருடா வருடம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வது மற்றொன்று. சில வரிசைகளை அறுத்தேன், மீதியில் பெரும்பாலானவற்றைக் கவாத்து செய்தேன். இன்று நான் கவாத்துப் பக்கம்.

உரமும் களையும் இரண்டுக்கும் ஒன்றுதான். தூரைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, வெட்டிய தழையையே மூடாக்காகப் போட்டேன்.

அறுத்த மரங்கள் இளமையாகத் துளிர்த்தன. ஆனால் இரண்டு வருடம் பழமே இல்லை. முந்தின பருவத்தில் வளர்ந்த கிளையில்தான் காப்பி பூக்கும்; பூத்த பிறகும் லைபீரிகா பழுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். இன்னொன்றும் உண்டு: லைபீரிகா தன் மகரந்தத்தில் தானே காய்பிடிக்காது, பக்கத்து மரமும் பூத்திருக்க வேண்டும். ஒரே சமயத்தில் நிறைய மரங்களை அறுத்தது என் தவறு.

கவாத்திலும் முதல் வருடம் விளைச்சல் குறையத்தான் செய்தது. இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது பறிப்பு. மரம் உயர்ந்தால் கீழ்க்கிளை நிழலில் காய்ந்து, காய்ப்பு உச்சிக்கு ஏறிவிடும். லைபீரிகா ஒரே நாளில் பழுக்காது. திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். ஈரச் சரிவில் ஏணியைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை போவது? உச்சிப் பழத்தை விட்டுவிடுவோம். அது கறுத்துக் காய்ந்து அங்கேயே தொங்கும். காய்த்துளைப்பான் வண்டு அதில்தான் குடியிருக்கும். குண்டூசித் தலை அளவுகூட இல்லாத பெண் வண்டு பழத்தின் நுனியில் துளைத்துப் போய்க் கொட்டைக்குள் முட்டையிடும். அடுத்த காய்ப்பு வந்ததும் அந்தக் கூட்டம் அதற்குத் தாவும். மருந்தடிப்பதைவிட மரத்திலும் தரையிலும் ஒரு பழம்கூட மிஞ்சாமல் எடுப்பதையே நான் நம்புகிறேன். அதற்கு மரம் கைக்கு எட்ட வேண்டும். இப்போது வயதான என் மாமியாரே நின்றபடி பறிக்கிறார். கூலிக்கு ஆள் தேடுவதில்லை, துளை விழுந்த கொட்டையும் கண்ணெதிரே குறைந்திருக்கிறது.

ஒரு வருடம் கொட்டிக் காய்த்து மறு வருடம் நுனி கருகி நிற்பதும் கவாத்து செய்த மரங்களில் தணிந்திருக்கிறது. நான்கு பருவம்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் லைபீரிகாவில் மட்டும். ரொபஸ்டா வகைக் காப்பி வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழ்க்கிளையே இல்லாத ஆறு கிழட்டு மரங்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றுக்கு அறுப்பைத் தவிர வழியில்லை. இந்த முறை வருடத்துக்கு இரண்டு, அதுவும் பறிப்பு முடிந்த பிறகு.