எங்கள் மாத இதழும் ஸ்கிரைபஸும்: வரி நிரம்பாத வருத்தம்

மீனாட்சிபுரத்தில் சங்க இதழ் தொடங்கப்போகிற அண்ணன் ஒருவர், பக்கம் வடிவமைக்க எந்த மென்பொருள் நல்லது, "பேஜ்மேக்கரா, இன்டிசைனா, நீங்க வச்சிருக்கிற ஸ்கிரைபஸா?" என்று கேட்டிருந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் நூலக இதழை நான் ஸ்கிரைபஸில்தான் பக்கம் கட்டுகிறேன். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கையில் படுவதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் இதழில் தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் வரும். கதை, கட்டுரை, கல்யாணச் செய்தி தமிழில். பஞ்சாயத்து அறிவிப்புகள் மலையாளத்தில். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். போனிலும் இணையத்திலும் நாம் தட்டச்சு செய்கிற யூனிகோட் எழுத்து அதற்குத் தெரியாது. வாட்ஸப்பில் வந்த கட்டுரையை பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டுக்கு மாற்று, மலையாளத்தை இன்னொரு பழைய ஃபாண்டுக்கு மாற்று, மாற்றியதில் விழுந்த பிழையைத் திருத்து என்றே ராத்திரி போய்விடும். ஸ்கிரைபஸில் அப்படியே எடுத்து ஒட்டலாம். தமிழுக்கு நோட்டோ செரிஃப் ஃபாண்ட், மலையாளத்துக்கு ரச்சனா ஃபாண்ட் என்று ஸ்டைல் போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஒரு சுகத்துக்காகவே பேஜ்மேக்கர் பக்கம் திரும்ப மாட்டேன்.

ஸ்கிரைபஸில் தமிழ் வராது என்பவர்கள் பழைய 1.4 பதிப்பைப் பார்த்தவர்கள். அதில் 'கெ' அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 1.5.3இல், எழுத்துகளைச் சரியான இடத்தில் சேர்த்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாகவே வந்துவிட்டது. கேரளத்தின் ஜனயுகம் நாளிதழ் 2019இல் பேஜ்மேக்கரை விட்டு இதற்கு மாறியது. ஒரு தினசரியைத் தாங்குகிற மென்பொருள் எட்டுப் பக்க மாத இதழைத் தாங்காதா? தாங்குகிறது. ஃபாண்டை உள்ளே பதித்து பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தால் அச்சகத்தில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை.

அப்புறம் ஏன் எரிச்சல்? வரியின் இரு ஓரமும் சமமாக வரும்படி நிரப்புவதில்தான். ஏ4 பக்கத்தில் மூன்று காலம் (செங்குத்துப் பத்தி) போட்டால் ஒரு காலத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர் கிடைக்கும். நம் இதழ்களில் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' இல்லாமல் அறிவிப்பே கிடையாது. அந்தச் சொல் வரியில் இடமில்லாமல் கீழே இறங்கியதும், மேல் வரியில் 'அனைவரும்' இடது ஓரத்திலும் 'வருமாறு' வலது ஓரத்திலும் ஒட்டிக்கொள்ள, நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை. சொற்களுக்கு இடையிலான இடைவெளியின் குறைந்தபட்ச அளவைக் குறைக்கலாம், எழுத்தின் அகலத்தைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம். இரண்டுக்கும் அமைப்பு இருக்கிறது. இரண்டு சதவீதத்துக்கு மேல் போனால் எழுத்து நசுங்கியது கண்ணுக்குத் தெரியும். மிச்சத்துக்கு, சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டும் குறியான, இன்செர்ட் மெனுவில் இருக்கும் சாஃப்ட் ஹைஃபனை நானே சொல் சொல்லாக வைக்கிறேன். 'கேட்டுக்கொள்ளப்' என்பதற்குப் பிறகு ஒன்று, 'படுகிறார்' என்பதற்குப் பிறகு ஒன்று. எட்டுப் பக்கத்துக்கும் இதே வேலை. உடைந்த இடத்தில் சிறு கோடு வேறு விழும். நம் பத்திரிகைகள் கோடில்லாமலேயே சொல்லை உடைத்துப் பழக்கிய கண்ணுக்கு அது உறுத்துகிறது.

ஜன்னல் பழசாகத் தெரிவது, மெனு ஆழமாக இருப்பது பற்றியெல்லாம் குறை சொல்ல மாட்டேன். தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தது.

ஆனாலும் அண்ணே, இந்த மாத இதழை முடித்த கையோடு கேட்கிறீர்கள், அதனால் இப்படித்தான் சொல்ல வருகிறது: உங்கள் செயலாளர் மூன்று காலம்தான் வேண்டும் என்று நின்றால் ஸ்கிரைபஸ் வேண்டாம். சந்தா கட்டி இன்டிசைன் எடுத்து, அதில் நம் மொழிகளுக்கும் வரி அமைக்கிற வேர்ல்ட்-ரெடி கம்போசரைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலம் போதும், அதுவும் வலது ஓரம் சமமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் சம்மதித்தால் சொல்லுங்கள். என் டெம்ப்ளேட்டை அனுப்பிவைக்கிறேன், ஸ்டைல் எல்லாம் அதிலேயே இருக்கிறது.