சிம் லிம் டவர்ல வாங்குன கிரிம்பிங் செட்: டூலுக்கு 4 ஸ்டார், டெஸ்டருக்கு 2

நெட்வொர்க் கேபிள் முனையில பிளக் மாட்டுற இந்த செட்டை போன மாசம் சிங்கப்பூர் சிம் லிம் டவர்ல 42 வெள்ளிக்கு வாங்குனேன், ஸ்கொயர் இல்ல, ஜாலான் புசார் பக்கம் இருக்குற டவர். டூல், டெஸ்டர், 50 பாஸ்த்ரூ கனெக்டர் (வயர் நுனி முன்பக்கம் வெளிய வர்ற பிளக்) எல்லாம் சேர்த்து அந்த விலை.

வீட்டுல 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) இன்டர்நெட் பிளான், ரூட்டர் பக்கத்துல பறக்குது, டிரங்கிங் (சுவத்துல ஓடுற பிளாஸ்டிக் உறை) வழியா ரூமுக்கு வர்ற கேபிள்ல மட்டும் 100 எம்பிபிஎஸ்க்கு மேல ஏறவே ஏறாது, ஊர்ல இருக்குற அம்மா வீடியோ கால்ல வாயத் திறந்தபடி அப்படியே நின்னுடுவாங்க. ரெனோவேஷன் பண்ணவர்கிட்ட கேட்டா டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரிஞ்சுச்சே, ஒயரிங் ஓகேதான்னுட்டாரு.

புது டெஸ்டர்ல மாட்டுனா எனக்கும் 1லேருந்து 8 வரைக்கும் வரிசையா பச்சைதான்! அப்புறம் பிளக்கை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடின்னு கோலம் மாதிரி அடுக்கி வச்சிருக்காரு. பிளக்ல 3வது இடத்து வயரும் 6வது இடத்து வயரும் ஒண்ணா முறுக்குன ஒரே ஜோடியா வரணும், இவர் போட்டதுல 3 வெள்ளைப்பச்சை, 6 நீலம், அப்புறம் சிக்னல் ஒண்ணோட ஒண்ணு கலக்காம என்ன பண்ணும். இந்த டெஸ்டர் வயர் அந்தப் பக்கம் போய்ச் சேருதான்னு மட்டும்தான் பாக்கும், எது எதோட முறுக்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது.

டூல் நல்லாவே இருக்கு. எட்டு வயரும் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், கலரைச் சரிபாத்துட்டு ஒரே அமுக்கு, நுனியும் வெட்டிடும். ரெண்டு முனையிலயும் டி568பிங்கிற ஸ்டாண்டர்ட் கலர் வரிசையைப் போட்டேன்: வெள்ளைஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைபிரவுன், பிரவுன். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க. முதல் மூணு பிளக் குப்பைக்குப் போச்சு, ஒண்ணுல வெளி உறை உள்ள போகாம இழுத்ததும் கையோட வந்துடுச்சு, அது என் தப்பு. பத்து பிளக் தாண்டுனதும் பிளேடு மழுங்கி நுனி பிசிறு விடுது, அது டூல் தப்பு. இப்ப ரூம்ல 930 கிட்ட வருது.

கூட வந்த தாள்ல கம்ப்யூட்டர் டு கம்ப்யூட்டர்னா ஒரு முனை டி568ஏ (ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறுன வரிசை), இன்னொன்னு டி568பின்னு கிராஸ்ஓவர் கேபிள்தான் போடணும்னு இருக்கு. பழைய கதை, கிகாபிட் போர்ட்டெல்லாம் ஜோடிகளைத் தானாவே மாத்திக்கும். அண்ணன் வச்சிருக்குற அரதப்பழசு 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் ரெண்டை இணைக்க மட்டும் ஒண்ணு செஞ்சேன், அதுல டெஸ்டர் இந்தப் பக்கம் 1 எரிஞ்சா அந்தப் பக்கம் 3, 2க்கு 6, பயந்துடாதீங்க அதான் சரி.

டெஸ்டருக்கு 9 வோல்ட் பேட்டரி செட்டுல வராது, அங்கயே சேத்து வாங்கிடுங்க, நான் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்ப ஓடுனேன்.