சபைக் கூடத்துப் பழுதுபார்க்கும் முகாம்: ஐந்துக்கு நான்கு

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் ஒரு கிறிஸ்தவ சபைக் கூடத்தில் இந்த முகாம் நடக்கிறது. கிழிந்த துணி, ஓடாத ஜிப், தையல் மெஷின், செருப்பு, குடை, எதைக் கொண்டுபோனாலும் உட்கார்ந்து பார்த்துத் தருகிறார்கள். காசு வாங்குவதில்லை. அந்தச் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு முறை போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

என் அம்மா தையல்காரர். யார் எந்தத் துணியைக் காட்டினாலும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், உள்பக்கத்தைத் திருப்புவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் 'இலவசமாகச் செய்கிறார்கள், அதிலும் குறையா' என்று கேட்காதீர்கள். இலவசத் துணிக்கும் உள்பக்கம் உண்டு.

அம்மா விட்டுப்போன மெஷினில் சில மாதங்களாக ஒரு தொல்லை. மேலே பார்த்தால் தையல் ஓரளவு சரியாக இருக்கும். துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடக்கும். கடையில் காட்டினேன். அடியில் சிக்குகிறது, ஆகவே கோளாறு அடியில்தான் என்று அடிநூல் உருளை இருக்கும் பாபின் கேஸை மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தைத்தால் அதே கொத்து.

முகாமில் தையல் மேஜையில் இருந்த அக்கா மெஷினைக் கழற்றவே இல்லை. "நீங்க நூல் கோக்கிறதைக் காட்டுங்க" என்றார். கோத்தேன். "ஃபுட்டைத் தூக்காமலே கோக்கிறீங்க. அதான் விஷயம்." ஃபுட் என்பது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம். அது கீழே இறங்கியிருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுக மூடிக்கொள்ளும். நூல் அவற்றின் நடுவே இறங்காமல் வெளியிலேயே நின்றுவிடும். மேல்நூலை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் அது அடியில் போய்க் குவிகிறது. இத்தனை நாள் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு என் கையில். சரி, அதோடு விட்டாரா? துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் கம்பளிபோல் படிந்திருந்த பஞ்சைத் தூரிகையால் எடுத்தார். ஊசியை மாற்றினார். அப்புறம் நூலை முழுக்க உருவிவிட்டு, என்னையே மூன்று முறை கோக்கச் சொன்னார். மூன்றாவது முறை வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபுட்டை மறந்தபோது மட்டும் ஒரு இருமல் வந்தது.

இந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொருளைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்ள முடியாது, பக்கத்தில் உட்கார வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் மார்ட்டீன் போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபே என்ற பழுதுபார்க்கும் கூடுகையிலும் இதே முறைதான். அதற்கும் சபைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உதவி வாங்குகிறவரைக் கை கட்டி நிற்க வைக்காமல் கூட வேலை செய்ய வைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் புரிகிறது.

வேலைக்கு நடுவில் அக்காவிடம் கேட்டேன்: "ஊழியம்னா பிரசங்கம், பாட்டு, ஜெபம்னுதானே சொல்வாங்க?" "எனக்கு மைக் பிடிச்சா கை நடுங்கும், ஊசி பிடிச்சா நடுங்காது" என்றார். பிறகு தொற்காளைப் பற்றிச் சொன்னார். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் வருகிற யோப்பா பட்டணத்துப் பெண், தபீத்தாள் என்றும் பெயர். அவள் இறந்ததும் விதவைகள் அழுதுகொண்டே இயேசுவின் சீடர் பேதுருவிடம் அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் திரும்பப் படித்தேன். தொற்காள் பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. துணிகள்தான் இருக்கின்றன. அந்த விதவைகளும் என் அம்மாவைப்போல் உள்பக்கத்தைத் திருப்பித்தான் காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்று சொல்கிறேன்.

மகளின் பள்ளிப் பை. ஜிப்பை இழுத்தால் பின்னாலேயே பல் பிரிந்துகொண்டு வரும். பெரும்பாலும் பல் கெட்டிருக்காது, ஓடுகிற ஸ்லைடர் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். குறட்டால் இரு ஓரமும் லேசாக நெருக்கினால் போதும். அந்த மேஜையில் இருந்த தம்பிக்கு ஆர்வம் அதிகம், நிதானம் கொஞ்சம் குறைவு. ஒரே அழுத்து. ஸ்லைடர் இரண்டாகப் போயிற்று. "மன்னிச்சிருங்க அக்கா, நான் கவனிக்கல" என்று முகம் வாடிப்போனான். மாற்று ஸ்லைடர் அவர்களிடம் இல்லை. மகள் ஒரு மாதம் பையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனாள். மனசு நல்ல மனசுதான், ஆனால் கைப்பழக்கம் வராதவர் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் உட்கார வேண்டாமா? சமையல்கட்டிலும் செருப்புத் தைக்கும் இடத்திலும் காலத்தைக் கழித்தவர் சகோதரர் லாரன்ஸ், 17ஆம் நூற்றாண்டின் பாரிஸ் துறவி. அவர் தைத்த செருப்பு ஒரே வாரத்தில் பிய்ந்திருந்தால் மற்ற துறவிகள் எத்தனை நாள் பொறுத்திருப்பார்கள்!

இன்னொன்று ஸ்டிக்கர். சரிசெய்த பொருளில் எல்லாம் சபையின் பெயரும் ஒரு வசனமும் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்காமலே மெஷின் முகப்பில் ஒட்டிவிட்டார்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று மத்தேயு 6-ல் படித்த ஞாபகம். இங்கே இரண்டு கையும் சேர்ந்து ஒட்டின. எண்ணெய் தடவி உரித்துவிட்டேன், பிசின் மட்டும் இன்னும் இருக்கிறது. படிவத்தில் 'ஜெபக் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அது நன்றாக இருந்தது.

போகிறவர்களுக்கு: தையல் மேஜைக்குத்தான் கூட்டம், சீக்கிரம் போய் டோக்கன் எடுங்கள். மெஷின் கொண்டுபோனால் நீங்கள் வழக்கமாகத் தைக்கும் துணியிலும் நூலிலும் கொஞ்சம் எடுத்துப் போங்கள். ஸ்டிக்கர் வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜிப் என்றால் அந்தத் தம்பியைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அடுத்த மாதம் நான் போனபோது என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தான். உள்ளே மூன்று அளவில் ஸ்லைடர்கள். தையல் மேஜை அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பையின் ஓரத் தையலைப் பிரித்து, பொருந்தியதை ஏற்றி, மறுபடி தைத்தான். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் கோணல். பரவாயில்லை, பிரியவில்லை.