ஓசோன் காய்கறி மிஷின்: கீரைக்குச் சரி, கடலை எண்ணெய்க்கு எமன்

காய்கறி கழுவும் ஓசோன் மிஷினின் விலையை ஒரேயடியாகக் குறைத்துவிட்டார்கள் போல. ஓசூரில் இருக்கும் மச்சான் படத்தை அனுப்பி, "நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே மாமா, வாங்கலாமா?" என்று கேட்கிறான். அவனுக்கு எழுத ஆரம்பித்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

சுவரில் மாட்டும் பெட்டி, ஒரு டியூப், நுனியில் குமிழிக் கல். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஓசோன் வாயு அந்தக் கல் வழியாகத் தண்ணீருக்குள் குமிழியாகப் போகும், அதில் காய்கறியை அலச வேண்டும். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு தக்காளியும் அரைக்கீரையும் இதில் அலசி, ஈரம் போக உலர்த்தி வைத்தால் சீக்கிரம் அழுகுவதில்லை. பூச்சிமருந்து மொத்தமாகப் போய்விடும் என்று விற்றவர் சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை. தோலில் ஒட்டியிருப்பதில் கொஞ்சம் சிதையும், சதைக்குள் ஏறியதை அது தொடாது. போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்து கல் அடைத்துக்கொள்ளும், ஒகேனக்கல் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. (ஃப்ளோரைடையும் எடுக்குமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். எடுக்காது.)

என் கோபமெல்லாம் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் இன்னொரு பொத்தான்மேல்தான். "ரூம்" என்று போட்டிருக்கும். அழுத்தினால் தண்ணீர் கிண்ணீர் எதுவும் இல்லாமல் ஓசோனை நேராகச் சமையலறைக் காற்றில் விடும். கருவாடு வறுத்த அன்றைக்கு வீட்டில் யாராவது அதை அழுத்திவிடுவார்கள். கருவாட்டு வாடை குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை கதவைத் திறந்தால் வேறொரு வாடை நிற்கும்: பழைய எண்ணெய்க் காறல், கூடவே லேசான பெயின்ட் நெடி. எங்கிருந்து என்று தேடி, அடுப்புக்குப் பின்னாலுள்ள டைல்ஸில் மூக்கை வைத்துப் பார்த்தேன். அங்கிருந்துதான்.

டைல்ஸில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைத்தான் ஓசோன் தின்கிறது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கணிசமாக உண்டு. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு இரட்டைப் பிணைப்புகள், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கார்பன் அணுக்கள் இரட்டையாகக் கைகோத்திருக்கும் இடங்கள். சாதாரணக் காற்று பட்டு எண்ணெய் காறுவது மெதுவாக நடக்கும். ஆக்சிஜன் நேரடியாக இரட்டைப் பிணைப்பில் கை வைப்பதில்லை. இரண்டு பிணைப்புகளுக்கும் நடுவில் இருக்கும் கார்பனிலிருந்து முதலில் ஒரு ஹைட்ரஜன் பிடுங்கப்பட வேண்டும், அப்புறம்தான் சங்கிலித் தொடராகக் கெடும். எண்ணெயில் இயற்கையாக இருக்கும் வைட்டமின் ஈ அந்தச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும். ஓசோனுக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. இரட்டைப் பிணைப்பின் மேலேயே போய் உட்கார்ந்து அதை இரண்டாக வெட்டிவிடும். எப்படி வெட்டுகிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் கிரீகி விளக்கியது இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வெட்டிய துண்டுகளில் ஹெக்சனால், நோனனால் போன்ற ஆல்டிஹைடுகள் வரும். காறல் வாடை என்று நம் மூக்கு பிடிப்பதில் பெரும்பங்கு இவைதான். வெட்டும்போது உண்டாகும் பெராக்சைடுகள் என்ற நிலையில்லாத சேர்மங்களோ, மிச்ச எண்ணெயில் அந்தப் பழைய சங்கிலியைத் தொடங்கி வைக்கும்.

டைல்ஸோடு போனால் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். சமையல் மேடையில் தூக்குப் பாத்திரத்தில் இருந்தது எங்கள் காட்டுக் கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டிய எண்ணெய். சரியாக மூடாத தூக்கு. அது காறிப்போனபோதுதான் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது. வெயில், அடுப்புச் சூடு, வெளிச்சம் என்று எதன்மேலும் பழி போடலாம், நியாயம்தான். அதனால் அதே தடவை ஆட்டிய எண்ணெயை உள்ளறையில் ஒரு கிண்ணத்திலும் மேடையில் ஒரு கிண்ணத்திலும் திறந்து வைத்தேன். மேடைக் கிண்ணம்தான் முந்திக் காறியது. பக்கத்தில் வைத்த தேங்காய் எண்ணெய் அசையவில்லை. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. வெட்ட இரட்டைப் பிணைப்பு இருந்தால்தானே வெட்டுவதற்கு! இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பு மாவுப் பொட்டலத்தில் போட்டிருந்த ரப்பர் பேண்டைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. இழுத்துக் கட்டிய இடத்தில், இழுவைக்குக் குறுக்கே மெல்லிய வெடிப்புகள். இயற்கை ரப்பரிலும் இரட்டைப் பிணைப்புகள்தான், வேலையும் அதே வேலைதான்.

மீனையும் இதில் கழுவலாம் என்று அட்டையில் படம் போட்டிருக்கிறார்கள். மத்தி வாங்குகிறவர்கள் அந்தப் படத்தை நம்பாதீர்கள். மத்திக் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இ.பி.ஏ.வில் ஐந்து, டி.எச்.ஏ.வில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். கழுவியதும் கவிச்சி அடங்கியது போலத்தான் இருந்தது. சட்டியில் போட்டதும் பெயின்ட் நெடி, பாதி மீன் தட்டிலேயே கிடந்தது.

"ரூம்" பொத்தானை அழுத்தும்போது ஆள் உள்ளே இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்கிறேன். நுரையீரலின் உள்பூச்சிலும் இந்த வகைக் கொழுப்பு உண்டு, ஓசோன் அதையும் விடாது. கலிபோர்னியாவில் காற்றுச் சுத்திகரிப்பான் வெளியிடும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டினால் விற்கவே முடியாது. என் பெட்டியின் அட்டையில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

அந்தப் பொத்தான்மேல் இப்போது இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். மிஷினை ஜன்னலோரம் மாற்றி, எண்ணெய்த் தூக்கை உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டேன். கீரை இப்போதும் நன்றாகத்தான் நிற்கிறது. மச்சானுக்கு, "பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதே" என்று பதில் போட்டேன். "அப்ப உங்களோடதைக் குடுத்துடுங்க மாமா" என்கிறான். தரமாட்டேன், கீரைக்கு வேண்டும்.